முகக்கோடு இல்லாத மூத்த குடி: வாசகர் கேள்வி – பதில்

"மிகப் பழைய ட்ரைலோபைட்டுகள் எவை?" என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். ட்ரைலோபைட்டுகள் என்பவை பழங்காலக் கடல்களில் வாழ்ந்து அற்றுப்போன, ஓடு போர்த்த கணுக்காலிகள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஒலெனெல்லஸ் என்ற பேரினத்தைச் சொல்லி, "மற்றவற்றின் முகத்தில் உள்ள கோடு இதற்கு இல்லை" என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் கடிதம் எழுதியிருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. கல்லூரியில் தொல்லுயிரியல் நடத்திய காலத்தில் நான் மிகவும் விரும்பி நடத்திய பாடம் இதுதான். ஆகவே இந்த இதழின் கேள்வி-பதில் முழுவதும் ஆதி ட்ரைலோபைட்டுகளுக்கே.

அம்மா, நீங்கள் சொன்ன கோடு எது? அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?
*– பள்ளி ஆசிரியை, விருதுநகர்*

ட்ரைலோபைட்டின் முதுகு ஓடு கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தால் ஆனது. கெட்டியான அந்த ஓடு வளராது. உள்ளே உடல் பெருக்கும்போதெல்லாம் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நண்டும் இறாலும் இன்றும் இதையே செய்கின்றன. இப்படிச் சட்டை உரிக்கிற விலங்குக்கு ஓடு எந்த இடத்தில் பிளக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை. பாதியில் சிக்கிக்கொண்டால் சாவுதான்.

பெரும்பாலான ட்ரைலோபைட்டுகளின் தலைக்கவசத்தில் இதற்கென்றே மெல்லிய கோடு ஒன்று பக்கத்துக்கு ஒன்றாக ஓடும். முன்விளிம்பில் புறப்பட்டு, கண்ணின் உள்ளோரத்தை ஒட்டி வந்து, பக்கவிளிம்பிலோ பின்விளிம்பிலோ முடியும். சட்டை உரிக்கும் நேரத்தில் இந்தக் கோட்டின் வழியே கன்னங்கள் இரண்டும் தனியாகக் கழன்றுவிடும். விலங்கு அந்தத் திறப்பின் வழியே வெளியேறும். இதைத்தான் முகக்கோடு என்று சொன்னேன்.

ஒலெனெல்லஸின் தலைக்கவசத்தை எந்த வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாலும் மேற்பரப்பில் அந்தக் கோடு கிடையாது. கன்னமும் நடுப்பகுதியும் ஒரே தகடு. அதற்கான வழி அடிப்பக்கத்தில் இருந்தது. தலைக்கவசத்தின் முன்விளிம்புக்குக் கீழே பிறை வடிவில் அகலமான தகடு ஒன்று உண்டு. விளிம்பை ஒட்டி அந்தத் தகடு பிரிந்து வழிவிட, விலங்கு முன்பக்கமாக வெளியே வந்தது. அதனால் கழன்ற தலைக்கவசம் உடையாமல் முழுசாகவே கடலடியில் கிடந்தது.

கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் மார்பிள் மலைத்தொடர் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்குள்ள லேத்தம் மென்களிப்பாறையில் ஒலெனெல்லஸ் வகைத் தலைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. முழு உடல் கிடைப்பது அரிது. அந்தத் தலைகளில் பெரும்பகுதி உரித்துப் போட்ட சட்டைகள் என்றே கருதப்படுகிறது. விலங்கு செத்து விழுந்த இடம் அதுவல்ல. ஓட்டை விட்டுவிட்டு அது போய்விட்டது. ஒரு தலையைக் கையில் எடுக்கிற மாணவர் முதலில் இதை எண்ணிப்பார்க்க வேண்டும் என்று வகுப்பில் விடாமல் சொல்வேன்.

எங்கள் பாடநூலில் பொதுவான ட்ரைலோபைட் படம் ஒன்றுதான் இருக்கிறது. ஒலெனெல்லஸை வரைவதானால் எதையெல்லாம் காட்ட வேண்டும்?
*– நிலவியல் மாணவர், சேலம்*

தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தலைக்கவசம். அகலமான அரைவட்டம். பின்மூலைகள் இரண்டிலிருந்தும் கன்ன முட்கள் பின்னோக்கி நீள வேண்டும். நடுவே நீளவாக்கில் ஒரு மேடு. அதன் இருபக்கமும் குறுக்குப் பள்ளங்கள் மேட்டைச் சிறுசிறு மடல்களாகப் பிரிக்கும். முன்மடல் மட்டும் உருண்டு புடைத்திருக்கும்.

அடுத்தது கண். பெரும்பாலான மாணவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான். ஒலெனெல்லஸின் கண்மேடு தலையில் தனியாக ஒட்டவைத்த புடைப்பு போல நிற்பதில்லை. நடுமேட்டின் முன்மடலிலிருந்தே நேராகக் கிளம்பி, பிறையாக வளைந்து, பின்னோக்கிப் போகும். முன்மடலையும் கண்ணையும் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் வரையுங்கள். இந்தத் தொடர்ச்சி ஆதி ட்ரைலோபைட்டுகளின் முத்திரைகளில் ஒன்று. தலைக்கவசத்தின் பின்விளிம்பில், கன்ன முள்ளுக்கு உட்புறமாக, இன்னொரு சிறு முள் இருக்கும். குஞ்சுப் பருவத்தில் இது பெரிதாக இருந்து வளர வளரச் சிறுத்துவிடுகிறது. நெருங்கிய உறவான பிரிஸ்டோலியாவில் கன்ன முட்கள் பின்மூலையை விட்டு முன்னோக்கி ஏறியிருக்கும். தலைக்குக் கொம்பு முளைத்த தோற்றம் அதற்கு.

இனி மார்பு. வளையங்களை ஒரே அளவாக வரைந்துகொண்டே போகாதீர்கள். மூன்றாவது வளையத்தில் நிறுத்துங்கள். அதன் பக்கப் பகுதி மட்டும் மற்றவற்றைவிடப் பெரிது. அதிலிருந்து நீண்ட முள் இருபுறமும் பின்னோக்கி ஓடும். பிறகு பதினைந்தாவது வளையம். அதன் நடு அச்சிலிருந்து ஒற்றை முள் ஈட்டியாக நீளும். பதினைந்தாவதோடு உடல் முடியவில்லை. அந்த முள்ளுக்குக் கீழே குறுகலான சின்னஞ்சிறு வளையங்கள் இன்னும் பல உண்டு. கடைசியில், எளிதில் கண்ணில் படாத அளவுக்குச் சிறிய வால்தகடு. பிற்கால ட்ரைலோபைட்டுகள் பலவற்றில் வால்தகடு தலைக்கு ஈடாகப் பெருத்துவிட்டது. ஆதிக் குழுவில் எல்லாவற்றுக்குமே அது சிறியது.

ஒலெனெல்லஸ் கூட்டத்தின் குஞ்சுகளைப் பற்றியும் ஒரு செய்தி. மற்ற ட்ரைலோபைட்டுகளில் தலையும் வாலும் பிரியாத ஒற்றைத் தகடாக, மிக நுண்ணிய முதற்பருவ ஓடுகள் கிடைக்கின்றன. இந்தக் கூட்டத்தில் அந்தப் பருவத்து ஓடு இதுவரை கிடைக்கவில்லை. முட்டையிலிருந்து வந்த புதிதில் அவற்றின் ஓட்டில் கால்சைட் ஏறவில்லை என்பதே பலரும் ஏற்கும் விளக்கம்.

ஒலெனெல்லஸ் உண்மையில் ட்ரைலோபைட்டே அல்ல, குதிரைலாட நண்டின் உறவு என்று ஒரு பழைய கட்டுரையில் படித்தேன். சரியா?
*– கடல் உயிரியல் மாணவி, சிதம்பரம்*

இப்போது அதை ஏற்பவர்கள் இல்லை. ஆனால் அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

பதினைந்தாவது வளையத்தின் ஈட்டிமுள்ளைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா? அதற்குப் பின்னால் உள்ள சிறு வளையங்கள் மென்மையானவை. பல மாதிரிகளில் அவை எஞ்சவில்லை. அமெரிக்க நிலவியலாளர் சார்லஸ் வால்காட் 1910-இல் இந்தக் கூட்டம் முழுவதையும் விரிவாக விவரித்தபோது, ஒலெனெல்லஸின் ஈட்டிமுள்ளை உடலின் கடைசி உறுப்பான வால்முள்ளாகவே எடுத்துக்கொண்டார். குதிரைலாட நண்டுக்கும் வால்முள் உண்டு. அகன்ற முன்கவசமும் உண்டு. மேலோட்டமாகப் பார்த்தால் பொருத்தம் அமைந்துவிடுகிறது. 1980-களில் ஜெர்மானிய விலங்கியலாளர் லாட்டர்பாக் இன்னும் மேலே போய், ஒலெனெல்லஸ் கூட்டத்தை மற்ற ட்ரைலோபைட்டுகளிலிருந்து பிரித்து, குதிரைலாட நண்டும் சிலந்தியும் தேளும் அடங்கிய கிளையின் பக்கத்தில் வைத்தார்.

தொல்லுயிரியலாளர்களான ஃபோர்டியும் விட்டிங்டனும் 1989-இலும், ராம்ஷோல்டும் எட்ஜ்கோம்பும் 1991-இலும் இதற்கு விரிவாக மறுப்பு எழுதினார்கள். கால்சைட் ஓடு, கண்ணின் அமைப்பு, வால்தகடு என்று ட்ரைலோபைட்டுகளுக்கே உரிய அடையாளங்கள் ஒலெனெல்லஸிடமும் இருக்கின்றன. ஈட்டிமுள்ளோ நடு வளையம் ஒன்றில் முளைத்தது. அது வால் அல்ல.

அவ்வளவு பழைய காலத்தில் அவற்றுக்கு உண்மையாகவே கண் தெரிந்ததா?
*– வாசகர், தேனி*

தெரிந்தது. ஆனால் நேரடிச் சான்று கிடைப்பது கடினம். ஆதி ட்ரைலோபைட்டுகளில் கண்ணின் பார்வைப் பரப்பைச் சுற்றிலும் தனியாக ஒரு பிளவுக்கோடு இருந்தது. சட்டை உரிக்கும்போது பார்வைப் பரப்பு அப்படியே கழன்று விழுந்துவிடும். நமக்குக் கிடைப்பது கண்மேடு மட்டும்.

விதிவிலக்காக எஸ்டோனியாவில் ஒன்று கிடைத்தது. ஷ்மிட்டியெல்லஸ் ரீட்டே என்ற சிற்றினம். ஒலெனெல்லஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் ஒரு கண்ணில் மேற்பரப்பு சற்றுத் தேய்ந்து உள்ளமைப்பு வெளித்தெரிந்தது. ஷோனெமன், பார்னாஸ்டெ, கிளார்க்சன் மூவரும் 2017-இல் அதை வெளியிட்டார்கள். இன்றைய தேனீக்கும் தும்பிக்கும் உள்ள கூட்டுக்கண்ணின் அதே அடிப்படை அமைப்பு அதில் இருந்தது. ஆனால் பார்வை அலகுகள் நூறு அளவில்தான். இன்றைய தும்பிக்கு ஆயிரக்கணக்கில் உண்டு. எதிரில் ஏதோ வருகிறது, இங்கே ஒரு தடை இருக்கிறது என்று அறிய அது போதும்.

கால்கள் எப்படி இருந்தன? எதைத் தின்றன?
*– ஏழாம் வகுப்பு மாணவன், திருநெல்வேலி*

தம்பி, கால்களில் கால்சைட் கிடையாது. அதனால் அவை சீக்கிரம் அழுகிவிடும். ஓடு ஆயிரம் கிடைத்தால் கால் ஒன்று கிடைப்பதே பெரிது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் கிடைத்த ஒலெனெல்லஸ் ஒன்றில் உணர்கொம்புகள் பதிந்திருந்ததை 1925-இல் கார்ல் டன்பார் வெளியிட்டார். சீனாவின் செங்ஜியாங்கில் இயோரெட்லிகியா என்ற உறவினம் கால்களோடும் உணர்கொம்புகளோடும் கிடைத்தது. ஒவ்வொரு காலும் இரண்டு கிளை: ஒன்று நடக்க, இன்னொன்றில் இழைகள்.

தீனி என்றால் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவுக்குப் போக வேண்டும். அங்கே எமு வளைகுடாப் பாறையில் கிடைத்த, இன்னொரு ஆதி ட்ரைலோபைட்டான ரெட்லிகியா ரெக்ஸ், ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளம், உன் அளவுகோல் அளவு. 2019-இல் பெயரிடப்பட்டது. கால்களின் அடிப்பகுதியில் முரட்டு முட்கள் இருந்தன. இரையை அவற்றால் நசுக்கிக் கிழித்து வாய்க்குத் தள்ளியது. அதே பாறையில் கடிபட்ட ட்ரைலோபைட்டுகளும், ஓட்டுத்துண்டுகள் நிறைந்த மலப் படிவங்களும் கிடைக்கின்றன. சிறியவற்றைப் பெரியவை தின்றிருக்கலாம்.

மொராக்கோவின் அட்லஸ் மலையில் எரிமலைச் சாம்பல் கடலில் பாய்ந்து உயிரோடு மூடிய ட்ரைலோபைட்டுகளைப் பற்றி 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. நசுங்காமல் முப்பரிமாணத்தில் கிடைத்த அவற்றில் கீற்றுப்போன்ற வாய்ப்பிளவும், அதை மூடிய தசைமடலும் முதன்முறையாகத் தெரிந்தன. அந்தப் படங்களைப் பார்த்த நாள் எனக்குத் தூக்கம் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் வாய் இங்கேதான் இருந்திருக்கும் என்று கரும்பலகையில் புள்ளி வைத்துக் காட்டியிருக்கிறேன். வாயே கண்முன் வந்து நின்றது.

ரெட்லிகியா வரிசை என்று ஒரு புத்தகம், ஒலெனெல்லிட் கூட்டம் என்று இன்னொன்று. எது எதற்குள் அடங்குகிறது? எனக்குக் குழப்பமே மிஞ்சுகிறது.
*– முதுகலை மாணவி, திருச்சி*

குழப்பம் உங்களுடையது அல்ல, வகைப்பாட்டினுடையது.

நடைமுறையில் உள்ள ஏற்பாடு இது. ரெட்லிகியா வரிசை என்பது பெரிய பெட்டி. அதற்குள் முதன்மையாக இரண்டு துணைவரிசைகள். முகக்கோடு இல்லாதவை ஒலெனெல்லினா. முகக்கோடு உள்ளவை ரெட்லிகினா. இரண்டுக்கும் பொதுவானவை: பிறைக்கண், நிறைய மார்பு வளையங்கள், முட்கள், சிறிய வால்தகடு. ஒலெனெல்லினாவுக்குள் ஒலெனெல்லஸை ஒட்டியவை ஒரு பெருங்குடும்பம், ஃபாலோடாஸ்பிஸை ஒட்டியவை இன்னொன்று. தேர்வுக்கு இவ்வளவு எழுதினால் போதும்.

எனக்கு இந்த ஏற்பாட்டில் மனநிறைவு இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முகக்கோடு இல்லை என்பதை வைத்து ஒரு கூட்டத்தைச் சேர்ப்பது, ஊரில் மூக்குக்கண்ணாடி போடாதவர்களையெல்லாம் ஒரே குடும்ப அட்டையில் எழுதுவதற்கு ஒப்பு. உறவைக் காட்டுவது, ஒரு மூதாதையிடம் புதிதாகத் தோன்றி அதன் சந்ததிக்கு மட்டும் இறங்கிவந்த அடையாளம். ஒன்று இல்லாதிருப்பது இரண்டு வழியில் நேரலாம்: தொடக்கத்திலிருந்தே இல்லாமல் இருந்திருக்கலாம், இருந்து பிறகு மறைந்திருக்கலாம். இரண்டாவதும் நடந்திருக்கிறது. மிகப் பிற்காலத்து ஃபேகோப்ஸ் கூட்டத்தில் முகக்கோட்டின் தடம் இருக்கும், ஆனால் ஒட்டிப்போய்விட்டது. அவை முழுத் தலைக்கவசத்தையும் ஒரேயடியாகக் கழற்றின.

ஒலெனெல்லினாவில் எது நடந்தது? பழைய பாறைகளைக் கேட்டுப்பார்த்தால் பதில் நேராக வருவதில்லை. சைபீரியாவின் புரோஃபாலோடாஸ்பிஸ், மொராக்கோவின் ஃபாலோடாஸ்பிஸ், நெவாடா-கலிபோர்னியாப் பகுதியின் ஃபிரிட்ஸாஸ்பிஸ் ஆகியவை கோடு இல்லாதவை. கோடு உள்ள பிகோடினா கூட்டமும் சைபீரியாவிலும் மொராக்கோவிலும் ஏறத்தாழ அதே மட்டத்தில் தோன்றுகிறது. எல்லாமே சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. கோடு இல்லாதவை முன்னால், உள்ளவை பின்னால் என்று அடுக்கு அடுக்காக வந்திருந்தால் வேலை எளிது. அப்படி வரவில்லை. தோன்றும்போதே இரு வகையும், வெவ்வேறு கண்டங்களில். அப்படியானால் இவற்றின் பொது மூதாதை அதற்கும் முன்பே, கால்சைட் ஓடு இல்லாமல், தடயம் விடாமல் வாழ்ந்திருக்க வேண்டும்.

கோட்டை ஒதுக்கிவிட்டு மற்ற உறுப்புகள் பலவற்றையும் சேர்த்துப் பார்த்து புரூஸ் லீபர்மன் செய்த ஆய்வுகளில், ஒலெனெல்லஸ் பெருங்குடும்பம் உண்மையான குடும்பமாகத் தேறியது. பெருத்த மூன்றாவது வளையம் போன்ற சொந்த அடையாளங்கள் அதற்கு உண்டு. ஃபாலோடாஸ்பிஸ் பெருங்குடும்பம் தேறவில்லை. அதன் உறுப்பினர்கள் சிலர் கோடு உள்ளவர்களுக்கு நெருக்கமாகப் போய் நின்றார்கள். ரெட்லிகியா வரிசையோ, பிற்கால ட்ரைலோபைட்டுகள் பலவற்றின் மூதாதைகளை உள்ளே வைத்துக்கொண்டு சந்ததியை வெளியே நிறுத்தியிருக்கும் பெட்டி. ஆகவே "ரெட்லிகியா வரிசை" என்று எழுதும்போது அதை ஒரு காலப்படியின் பெயராக எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வம்சத்தின் பெயராக அல்ல. ஆய்வேட்டில் இதை ஒரு பத்தியாகவாவது எழுதுங்கள். கேள்வி கேட்கும் தேர்வாளர் மகிழ்வார்.

நான் ஏறிய ஸ்காட்லாந்து மலை ஒன்றின் வழிகாட்டிப் பலகையில் ஒலெனெல்லஸ் படம் இருந்தது. அமெரிக்க விலங்கு இங்கே எப்படி?
*– வாசகர், கிளாஸ்கோ*

அந்தக் காலத்தில் வடமேற்கு ஸ்காட்லாந்து வட அமெரிக்காவோடு ஒட்டியிருந்தது. மரீ ஏரிப் பகுதியில் கிடைத்த ஒலெனெல்லஸ் லாப்வொர்த்தியை பீச், ஹார்ன் இருவரும் 1892-இல் விவரித்தார்கள். அங்குள்ள சிக்கலான பாறை அடுக்குகளின் வயதை உறுதிசெய்ய அது உதவியது. வேல்ஸிலும் இங்கிலாந்திலும் கிடைப்பவை வேறு இனங்கள். நடுவே ஐயாபெட்டஸ் என்ற கடல் இருந்தது, பின்னர் மூடிக்கொண்டது. கனடிய நிலவியலாளர் டூஸோ வில்சன் 1966-இல் "அட்லான்டிக் மூடித் திறந்ததா?" என்று கேட்டபோது, இப்படி இருகரையிலும் இடம்மாறிக் கிடக்கும் ட்ரைலோபைட்டுகளே அவருக்கு முக்கியச் சான்று.

அரியலூரில் தேடினால் கிடைக்குமா? இந்தியாவில் எங்காவது உண்டா?
*– பொறியாளர், பெரம்பலூர்*

அரியலூரில் கிடைக்காது. அந்தப் பாறைகள் கிரெட்டேசியஸ் காலத்தவை. அப்போது ட்ரைலோபைட்டுகள் அற்றுப்போய்ப் பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அங்கே அம்மோனைட்டுகளைத் தேடுங்கள். தமிழகத்தின் மற்றப் பெரும்பகுதிப் பாறைகள் விலங்குகளே தோன்றாத காலத்தவை.

ரெட்லிகியா என்ற பெயர் பிறந்ததோ நம் துணைக்கண்டத்தில்தான். இன்றைய பாகிஸ்தானின் உப்பு மலைத்தொடரில் கிடைத்த மாதிரிகளை ஆஸ்திரியரான ரெட்லிக் 1899-இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வெளியீட்டில் விவரித்து ஹோஃபெரியா என்று பெயரிட்டார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறோர் உயிரினத்துக்கு இருந்தது. எனவே 1902-இல் காஸ்மன் அதை மாற்றி, விவரித்தவரின் பெயரையே வைத்தார். இமயமலையிலும் ரெட்லிகியா உண்டு. இமாசலப் பிரதேசத்து ஸ்பிட்டியில் கிடைத்த, கேம்பிரியன் காலத்து (இந்த ஆதி ட்ரைலோபைட்டுகள் வாழ்ந்த காலம்) புதைபடிவங்களை கௌப்பர் ரீட் 1910-இல் வெளியிட்டார். அவற்றில் ஒன்றான ஓரிக்டோசெஃபாலஸ் இண்டிகஸ் இன்று உலகப் புகழ்பெற்றது. காரணம் அடுத்த பதிலில்.

இந்த ஆதி ட்ரைலோபைட்டுகள் எப்போது, ஏன் அழிந்தன?
*– வாசகி, கோயம்புத்தூர்*

சுமார் 51 கோடி ஆண்டுகளுக்கு முன். நெவாடாவின் பியோச் பாறைத்தொகுதியில் ஆலிசன் பால்மர் இதை அடுக்கு அடுக்காகத் தொடர்ந்து 1998-இல் வெளியிட்டார். ஒலெனெல்லினா படிப்படியாகத் தேய்ந்து மறையவில்லை. பல சிற்றினங்கள் செழித்திருந்த மட்டத்துக்கு உடனே மேலே ஒன்றுகூட இல்லை. ரெட்லிகியா கூட்டமும் இதே காலத்தையொட்டிப் பெரும் அடி வாங்கியது. கடல்நீரின் கார்பன் சமநிலை அப்போது குலைந்திருந்ததைப் பாறைகளின் வேதியியல் காட்டுகிறது. ஆக்சிஜன் குறைந்த நீர் ஆழமற்ற கடல்களுக்குள் ஏறியது காரணமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

இந்த மாற்றத்தை ஒட்டித்தான் கேம்பிரியனின் அடுத்த பகுதி தொடங்குகிறது. 2018-இல் உலகளவில் ஏற்கப்பட்ட வரையறைப்படி, சீனாவின் குய்சோ மாநிலத்தில் ஓரிக்டோசெஃபாலஸ் இண்டிகஸ் முதன்முதலாகத் தோன்றும் மட்டமே அந்த எல்லை. ஸ்பிட்டி மாதிரிக்கு வைத்த பெயர்தான் அது.

மொராக்கோ ட்ரைலோபைட்டுகளை இணையத்தில் விற்கிறார்கள். மகளின் பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கலாமா?
*– வங்கி ஊழியர், மதுரை*

பெரிய, முழுமையான, முள்கூட முறியாத கேம்பிரியன் ட்ரைலோபைட் மலிவாக வந்தால் வாங்க வேண்டாம். அச்சில் வார்த்தவையும், பாதி ஓட்டுக்கு மீதியைப் பிசினால் சேர்த்தவையும் நிறைய வருகின்றன. விற்பவரிடம் பக்கவாட்டிலும் அடிப்பக்கத்திலும் எடுத்த படங்களைக் கேளுங்கள். ஓட்டில் காற்றுக்குமிழித் துளைகள் தெரிந்தால் அது வார்ப்பு. கல்லில் ஓடும் விரிசல் ஓட்டின் விளிம்பில் நின்றுபோய் அந்தப் பக்கம் தொடர்ந்தாலும் சந்தேகப்படுங்கள். உடைந்த ஒரு தலைக்கவசம், எந்த மலை, எந்தப் பாறை என்று எழுதிய சீட்டோடு கிடைத்தால் அதை வாங்குங்கள். கூடவே கைலென்ஸ் ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். முகக்கோடு இருக்கிறதா இல்லையா என்று மகளே பார்த்துச் சொல்லட்டும்.